கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எஸ்.எம்.பி.எஸ். மேல் பழி போடும் முன் அளந்து பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து போன் செய்தான். சாயங்காலம் இடி மின்னலோடு மழை. இரண்டு முறை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு, அவன் பார்ட் பார்ட்டாக வாங்கித் தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. அவன் சந்தேகம், சுவரில் வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மேல்.

"மாமா, எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு. புதுசு ஆர்டர் போட்டுடட்டுமா?"

"போயிடுச்சுன்னு எப்படிடா தெரியும்? அளந்து பாத்தியா?"

"பட்டன அழுத்தினா ஒண்ணுமே வரல மாமா. அதான்."

"ஆர்டர் போடாத மாப்ள. காலைல மல்டிமீட்டரை எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்பிடு."

அவனைத் தடுத்ததற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் சொந்த மெஷினில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கேம் ஆரம்பித்து கால் மணி நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி ஒயரைச் சேர்த்துப் பார்த்தேன்; ஃபேன் சுற்றியது. அதனால் அது நல்லது என்று முடிவுகட்டிவிட்டு ராமை மாற்றினேன், விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், பிராசஸருக்குப் பேஸ்ட் தடவினேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் கேம் ஓடும்போது 12 வோல்ட் ஒயரை அளந்தேன். மீட்டர் 11.2 காட்டியது. குற்றவாளி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

ஆக, கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஃபேன் சுற்றுகிறது என்பதற்காக அது நல்லது என்றும் சொல்ல முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இந்த இரண்டு தவறுகளிலிருந்தும் உங்களைக் காப்பாற்றும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் செய்யலாம். வரிசையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வரும் எந்தச் சோதனைக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கும் தேவை இல்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும், ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள மாடல்களில் அது 380, 400 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் உடனே இறங்கிவிடும் என்று நம்பக் கூடாது. யூடியூபில் ஒருவர் திறந்து சால்டர் வைப்பதைப் பார்த்துவிட்டு நாமும் செய்யலாம் என்று தோன்றும். அவருக்கு அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்திருக்கும். புதிதாகக் கற்பவர் அதில் கை வைக்க வேண்டாம். திறந்தால் வாரண்டியும் போய்விடும்.

பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒயர்களில் அந்த ஆபத்து இல்லை. அவற்றில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி.தான் வரும். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு ஒயர்கள் தவறாக உரசினால் தீப்பொறி பறக்கும். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். காலில் ரப்பர் செருப்பு, காய்ந்த தரை, பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இல்லாத நேரம். இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

தேவையான பொருட்கள்: மல்டிமீட்டர், ஒரு ஜெம் கிளிப், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், டார்ச். செல்போனில் கேமரா இருக்கிறது. எந்தக் கேபிளைப் பிடுங்கும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அது பெரிய உதவி.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முதலில் சுவர் சாக்கெட்டைப் பாருங்கள். டெஸ்டரை வைத்து லைட் எரிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. டெஸ்டர் ஃபேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் அது எரியும். அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் லேம்ப்பையோ சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 நிலையில் வைத்து அளந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் 230 வோல்ட் வர வேண்டும். 210, 245 என்று கொஞ்சம் முன்பின் இருப்பது வழக்கம்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், யு.பி.எஸ். எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவரில் மாட்டுங்கள். வேறொரு பவர் கார்டு (மானிட்டருடையது பெரும்பாலும் அதேதான்) இருந்தால் மாற்றிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கச் சிறு ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பழைய மாடலாக இருந்தால் அங்கே 115, 230 என்று எழுதிய ஒரு சிவப்பு ஸ்விட்சும் இருக்கும். அதை விளையாட்டாகக்கூட 115 பக்கம் தள்ளிவிடாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் அப்படி ஆன் செய்தால் 'டப்' என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

மழைக்கால இரவில் கரண்ட் வந்தபோது வீட்டு விளக்குகள் சட்டென்று அதிகப் பிரகாசமாக எரிந்ததா, பக்கத்து வீட்டில் டி.வி. அல்லது ஃபிரிட்ஜ் போனதா என்று விசாரியுங்கள். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 230-க்குப் பதில் 300, 350 வோல்ட்கூட வந்துவிடும். அப்படி நடந்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போதும் அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

கண்ணும் மூக்கும் காதும்

கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் அருகே முகர்ந்து பாருங்கள். எரிந்த பிளாஸ்டிக் அல்லது மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றம் வந்தால், கரி படிந்த தடம் தெரிந்தால், மேற்கொண்டு ஆன் செய்து பார்க்கவே வேண்டாம். அது போய்விட்டது. டார்ச் அடித்து ஜாலி வழியாகப் பாருங்கள். பல்லியோ கரப்பானோ உள்ளே புகுந்து கருகிக் கிடப்பதை நானே இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். கதகதப்பைத் தேடி வருகின்றன. கேபினெட்டின் பின்பக்கத் தகடுகளைக் கழற்றிய பிறகு மூடாமல் விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பிசின் மாதிரி ஏதாவது வடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் கோளாறு வேறு இடத்தில்.

பிறகு பட்டனை அழுத்திவிட்டு உன்னிப்பாகக் கேளுங்கள், பாருங்கள். நான்கு விதமாக நடக்கலாம். ஒன்று, எந்த அசைவும் இல்லை. இரண்டு, ஃபேன் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மூன்று, எல்லா ஃபேனும் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் இல்லை. நான்கு, நன்றாக ஆன் ஆகிறது, வேலை கூடும்போது அணைகிறது. இதில் மூன்றாவதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் ராம் சரியாக உட்காராததுதான் அங்கே பிரச்சினை. அல்லது மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருப்பார்கள். அல்லது பிராசஸருக்குப் போகும் 8-பின் கேபிளை மறந்திருப்பார்கள். புதிதாக அசெம்பிள் செய்த மெஷினில் அந்த 8-பின்னை முதலில் பாருங்கள்.

ஊதா ஒயர்

இங்கிருந்துதான் மல்டிமீட்டர். டி.சி. 20 நிலையில் வையுங்கள். கறுப்புக் கம்பியை 'காம்' என்ற துளையிலும் சிவப்பை 'வி' துளையிலும் மாட்டியிருக்கிறதா என்று சரிபாருங்கள். சிவப்பை ஆம்பியர் துளையில் மாட்டி அளந்தால் ஷார்ட் ஆகும்.

மதர்போர்டின் ஓரத்தில் பெரிய 24-பின் கனெக்டர் இருக்கிறது. அதைப் பிடுங்க வேண்டாம். அதன் முதுகுப் பக்கம், ஒயர் நுழைகிற துளைக்குள், மீட்டரின் கூர்முனையை மெல்ல இறக்கினால் உள்ளே உலோகத்தைத் தொடும். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரிலோ கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஸ்குரூவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நிற ஒயர்கள் உள்ள எல்லா ஏ.டி.எக்ஸ். (வழக்கமான டெஸ்க்டாப் வகை) எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் நிறங்கள் ஒன்றேதான்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். ஒற்றை ஒயராக வருபவற்றில் மூன்று நமக்கு முக்கியமானவை: ஊதா, பச்சை, சாம்பல். ஆனால் இப்போது வரும் மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கின்றன. அப்போது எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான கனெக்டர்களில் ஒரு ஓரத்து 4 பின்கள் தனியாகக் கழன்று வரும். அதற்கு எதிர் ஓரத்திலிருந்து எண்ணுங்கள். பூட்டும் கொக்கி இருக்கும் வரிசையில் நான்காவது பச்சை. அதன் இரு பக்கமும், அதாவது மூன்றாவதும் ஐந்தாவதும், கறுப்பு. அதே வரிசையில் எட்டாவது துளை பெரும்பாலும் காலியாக இருக்கும். அதை வைத்து உங்கள் எண்ணிக்கை சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். கொக்கி இல்லாத வரிசையில் எட்டாவது சாம்பல், ஒன்பதாவது ஊதா, பத்தாவது மஞ்சள்.

கம்ப்யூட்டர் ஆஃப் ஆக இருக்கட்டும், சுவர் ஸ்விட்சும் பின்பக்க ஸ்விட்சும் ஆன். இப்போது ஊதாவை அளந்து பாருங்கள். 5 வோல்ட் வர வேண்டும்; 4.75 முதல் 5.25 வரை சரி. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் இந்த ஒரு ஒயர் மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தியதை மதர்போர்டு தெரிந்துகொள்வது இதன் தயவில்தான். சுவரில் கரண்ட் சரி, பின்பக்க ஸ்விட்ச் ஆன், ஆனால் ஊதாவில் பூஜ்யம் என்றால் 24-பின்னையும் மற்ற எல்லாக் கேபிளையும் மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் பூஜ்யமா? எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. தயங்காமல் சொல்லலாம். பிடுங்கிய பிறகு 5 வந்தால், மதர்போர்டிலோ அதில் செருகிய ஒன்றிலோ ஷார்ட் இருக்கிறது.

4 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்டினால் அதுவும் கோளாறுதான். காலையில் ஐந்தாறு முறை அழுத்தினால்தான் ஆன் ஆகும், ஒரு முறை ஆகிவிட்டால் நாள் முழுக்க ஓடும் என்று சிலர் சொல்வார்களே, அந்த மெஷின்களில் இந்த ஊதா ஒயரை அளந்து பாருங்கள். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வயதாகி வறண்டிருக்கும்.

பச்சை ஒயர்

இந்த முழுக் கட்டுரையிலும் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே நிமிடத்தில் வழக்கு யார் பக்கம் என்று சொல்லிவிடும்.

ஆஃப் நிலையில் பச்சையில் 3 முதல் 5 வோல்ட்டுக்குள் ஏதோ ஒன்று காட்டும். முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை விட்டுப் பவர் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மதர்போர்டு அந்த ஒயரைக் கிரவுண்டோடு சேர்த்து வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். 'எழுந்திரு' என்று மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொல்வது இப்படித்தான்.

பச்சை பூஜ்யத்துக்கு இறங்கியது, ஆனால் மஞ்சளில் 12 வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது கெட்டிருக்கலாம், அல்லது எங்காவது ஷார்ட் இருப்பதால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கலாம். பச்சை இறங்கவே இல்லை என்றால், மதர்போர்டு கேட்கவே இல்லை. தப்பு பட்டனிலோ மதர்போர்டிலோ இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி.

அக்கா மகன் மறுநாள் காலை செய்தது இதைத்தான். ஊதாவில் 5.08. பச்சை, பட்டனை அழுத்தியும் அசையவில்லை. கேபினெட் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டில் மாட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடச் சொன்னேன். எந்த இரண்டு பின் என்பது மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும். போர்டிலேயே மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டும் இருக்கும். தொட்டான். கம்ப்யூட்டர் ஓடியது. கேபினெட்டின் பவர் பட்டன் உள்ளே உடைந்திருந்தது. மழைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இப்போதைக்கு ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டி அதையே பவர் பட்டனாக வைத்திருக்கிறான். ஒரு ரூபாய் செலவில்லை.

ஜெம் கிளிப் சோதனை

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது. பின்பக்க ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். 24-பின், பிராசஸர் 8-பின், கிராஃபிக்ஸ் கார்டு கேபிள்கள் எல்லாவற்றையும் மதர்போர்டிலிருந்து பிடுங்குங்கள். ஒரு கேபினெட் ஃபேனையோ தூக்கிப் போடத் தயாராக இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கையோ மட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டி வையுங்கள். சும்மா ஓட்டுவதைவிடக் கொஞ்சமாவது சுமை இருப்பது நல்லது. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி யு வடிவத்தில் வளைத்து, பச்சைத் துளையிலும் பக்கத்துக் கறுப்புத் துளையிலும் செருகுங்கள். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்த பிறகே ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். ஓடும்போது கிளிப்பைத் தொட வேண்டாம்.

ஃபேன் சுற்றினால் அது ஆன் ஆகிறது என்று தெரியும், அவ்வளவுதான். சூடாகும் வரை ஃபேன் சுற்றாத மாடல்களும் உண்டு, அதனால் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் நிற்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; நீங்கள் மாட்டிய கேபினெட் ஃபேனைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு நிறமாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து சதவீதம் முன்பின் அனுமதி. மஞ்சளில் 11.40 முதல் 12.60, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. சாம்பல் ஒயரையும் மறக்காதீர்கள். எல்லா வோல்டேஜும் நிலையான பிறகு எஸ்.எம்.பி.எஸ். இந்த ஒயரில் ஏறத்தாழ 5 வோல்ட் கொடுத்து 'நான் தயார்' என்று சொல்லும். ஆன் ஆன அரை விநாடிக்குள் வந்துவிட வேண்டும். மற்ற வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்து சாம்பல் மட்டும் வராவிட்டால் ஃபேன் எல்லாம் சுற்றும், மதர்போர்டு மட்டும் வேலையைத் தொடங்காமல் காத்துக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் மதர்போர்டை வீணாக மாற்றுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றால்

இது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். தன் கடமையைச் செய்வது. எங்கோ ஷார்ட் என்று உணர்ந்து தன்னை அணைத்துக்கொள்கிறது. ஒரு முறை அப்படி அணைந்தால் சில மாடல்கள் பின்பக்க ஸ்விட்சை ஒரு நிமிடம் ஆஃப் செய்து வைத்தால்தான் மறுபடி எழும்; ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் அதைச் செய்யுங்கள்.

தனியாக ஜெம் கிளிப்பில் நன்றாக ஓடுகிறது, மதர்போர்டில் மாட்டினால் வெட்டுகிறது என்றால் ஒவ்வொன்றாக விலக்குங்கள். முதலில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. கேபிள்கள். அப்புறம் முன்பக்க யு.எஸ்.பி. ஒயர்கள், வளைந்த யு.எஸ்.பி. பின் ஒன்று மொத்தக் கம்ப்யூட்டரையும் நிறுத்திவிடும். கடைசியில் பிராசஸரின் 8-பின்னை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். அதைப் பிடுங்கியதும் ஃபேன்கள் நிற்காமல் சுற்றினால், மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியிலோ பிராசஸரிலோ ஷார்ட். புது மெஷின் என்றால் மதர்போர்டைக் கழற்றி அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட் இருக்கிறதா, உதிர்ந்த ஸ்குரூ கிடக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் விலக்கியும் வெட்டினால், ஜெம் கிளிப்பிலும் வெட்டினால், எஸ்.எம்.பி.எஸ்.தான்.

சுமை கூடும்போது அணைந்தால்

கண்டுபிடிக்கச் சிரமமானது இதுதான். என்னை இரண்டு வாரம் அலைக்கழித்ததும் இதுதான்.

ஜெம் கிளிப்பில் எஸ்.எம்.பி.எஸ். தூக்குவது ஒரு ஃபேன் அளவுக்குச் சுமை. கேம் ஓடும்போது பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் கேட்கும். வெறும் கையோடு நடப்பவரைப் பார்த்து நெல்மூட்டை தூக்குவார் என்று சொல்ல முடியுமா? அதனால் உண்மையான சுமையில் அளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பயன்படுத்தாமல் தொங்கும் நான்கு துளை வெள்ளை மோலெக்ஸ் கனெக்டர் இருந்தால் வேலை எளிது. மீட்டரின் சிவப்பை மஞ்சள் ஒயரின் துளையிலும் கறுப்பை அதன் பக்கத்துக் கறுப்பிலும் வைத்துக்கொண்டு கேமை ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 12.1, கேமில் 11.9 என்பது போல் ஒரு சின்ன இறக்கம் இயல்பு. 11.4-க்குக் கீழே போனால் கோளாறு உறுதி. 11.5-ல் ஊசலாடினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இருக்காது. பயாஸிலும் சாஃப்ட்வேரிலும் காட்டும் வோல்டேஜை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மதர்போர்டின் சென்சார் பல சமயம் தவறாகக் காட்டும்.

அணைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிராசஸர் சூட்டால் அணைகிறதா என்று வெப்பநிலையைப் பாருங்கள். ராமை மெம்டெஸ்ட் என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டிச் சோதியுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து இது எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்று சொல்பவர்கள் உண்டு. முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. காரணம் எதுவானாலும் அதே எண்தான் வரும்.

யு.பி.எஸ். இருக்கும் வீடுகளில் இன்னொரு அறிகுறி. முன்பெல்லாம் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அசையாது. இப்போது அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது. யு.பி.எஸ். பாட்டரி வீக் என்று உடனே மாற்றிவிடுவார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சுவரில் மின்சாரம் நின்ற பிறகும் எஸ்.எம்.பி.எஸ். தன் பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததை வைத்துச் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும், யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறும் அந்த இடைவெளியைக் கடப்பது அதனால்தான். கெப்பாசிட்டர் வயதானால் அந்த மூச்சு குறைந்துவிடும். யு.பி.எஸ்.ஸில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டிப் பிளக்கைப் பிடுங்குங்கள். லேம்ப் சீக்கிரமே அணைந்தால் பாட்டரி வீக். பல நிமிடம் எரிந்தாலும், லேம்ப் சின்னச் சுமைதான் என்பதால், பாட்டரி நல்லது என்று அதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மல்டிமீட்டருக்கும் எல்லை உண்டு. 12 வோல்ட்டின் மேல் ஏறி இறங்கும் அதிவேக அதிர்வை அது காட்டாது. அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். எனவே எல்லா எண்ணும் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், நண்பரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

ஆனால் இரவல் வாங்கும்போது பெட்டியோடு அதன் கேபிள்களையும் சேர்த்து வாங்குங்கள். கேபிள் கழன்று வரும் மாடுலர் வகையில், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான தர அளவு கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல்கூட மாறும். கனெக்டர் அழகாக உட்காரும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் செத்துவிடும். உள்ளே இருக்கும் படிப்பும் படங்களும் சேர்ந்து போகும். புதிது வாங்கும்போதும் பழைய கேபிள்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழற்றிவிட்டுப் புதிதோடு வந்தவற்றையே மாட்டுங்கள்.

புதிது வாங்கும்போது

முதலில் பில்லைத் தேடி வாரண்டி இருக்கிறதா பாருங்கள். மூன்று வருடம், ஐந்து வருடம், அதற்கும் மேல் வாரண்டி தரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் உண்டு.

வாங்குவதென்றால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்க்காமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. 450 வாட் என்று எழுதி 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட் கிடைக்கும். அது நியாயமான சரக்கு. அதே 450 என்று எழுதி 18 ஆம்பியர் இருந்தால் 216 வாட்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, பெட்டியைக் கையில் வாங்கி இந்த வரியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கிராஃபிக்ஸ் கார்டு மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, எர்த். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்கிறது என்பார்கள். பலரும் எஸ்.எம்.பி.எஸ். லீக் என்று மாற்றிவிடுவார்கள். புதியதிலும் அப்படியே இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த மின்சாரம் கேபினெட்டுக்கு வருவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. எர்த் ஒயர் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த சாக்கெட்டின் மூன்றாவது துளையில் உண்மையில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்து எல்லாம் ஓடிய பிறகு, கேபினெட் கதவை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை இன்னொரு முறை எடுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் எவ்வளவு, கேம் ஓடும்போது எவ்வளவு, ஊதாவில் எவ்வளவு என்று மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். என் மெஷினில் ஒட்டியிருப்பது 12.08, 11.96, 5.06.